கல்யாணியை இரண்டு முறை கூப்பிடுவார்கள்

மைசூர் விஜயநகரில் அந்த வருடம் ஒரு கப்பல் கட்டினார்கள். கர்நாடகத்துக்காரர் ஒருவர் டெல்லியில் பிரதமராகியிருந்த வருடம் அது. மைசூருக்கே தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. தசராவைத் தடபுடலாகச் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு வேகம். ஊதுபத்தி செய்யும் கம்பெனி ஒன்று, லாரியின் மேல் ஒரு பாய்மரக் கப்பலை நிறுத்தி ஊர்வலத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டும் ஊரில், பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் தகரக் கொட்டகை எழுந்தது.

கான்ட்ராக்டர் பசவராஜ் வேலையை எடுத்தார். எடுத்த கையோடு அதை ரத்தினவேலிடம் தள்ளினார். ரத்தினவேல் சென்டரிங் தச்சன். வீட்டுக்கு மேல்தளம் போடும் முன் பலகை அடித்து முட்டுக் கொடுப்பான். கான்கிரீட் இறுகியதும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவான். கப்பலை அவன் எங்கே பார்த்தான்? படம் வரைந்து கொடுக்க வந்த மனிஷா, ஓவியம் படித்த பெண், கைனடிக் ஹோண்டாவை நிறுத்திவிட்டு ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினாள். அவன் அதை இப்படியும் அப்படியும் திருப்பினான். கடைசியில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது ஓட்டு வீட்டுக் கூரைங் மேடம். கவுத்துப் போட்டிருக்குதுங். அவ்வளவுதானுங்களே?" என்றான்.

சொன்னபடியே செய்தான். முகடு மேலே இருக்க, கூரை கட்டுவது போலவே கட்டினான். இரண்டு பக்கமும் ரீப்பர் அடித்து, பிளைவுட்டை வளைத்து இறுக்கி, முடிந்த பிறகு சுற்றுவட்டாரத்து வேலையாட்களையெல்லாம் கூப்பிட்டுத் தூக்கிப் புரட்டச் சொன்னான். புரண்டு நின்றபோது அது கப்பலாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். ரத்தினவேல் மட்டும் ஆணி தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போய்விட்டான். சந்தோஷம் வந்தால் குனிந்துகொள்கிற ஆள் அவன்.

அவன் மனைவி கொட்டகையின் ஓரத்தில் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். சாக்கை வெட்டிப் பசையில் தோய்த்து, பலகைகளின் இடுக்குத் தெரியாமல் கப்பலின் உடம்பு முழுக்க ஒட்டுவது அவள் வேலை. அவள் பெயர் மாதம்மா. இதை நாம்தான் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகையில் அதைச் சொல்ல ஒரு ஆள் கிடையாது.

அவர்களுடைய சொந்த ஊரான ராமாபுரத்துப் பக்கம் மாதேஸ்வரன் மலையைப் பார்த்துக் கும்பிடுகிற குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு மாதம்மா இருப்பாள். சந்தையில் நின்று அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டால் ஒரு நிமிஷம் வியாபாரம் நின்றுவிடும், அத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ரத்தினவேலின் முதல் மனைவிக்கும் மாதம்மா என்றுதான் பெயர் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவள் கல்யாணமான இரண்டாம் வருஷம் ராகிக் காட்டில் பாம்பு கடித்துச் செத்துப்போனாள். அப்புறம்தான் பெண் தேடினார்கள். கிடைத்த பெண்ணும் மாதம்மாவாகவே வாய்த்தாள்.

கல்யாணத்தன்றே ரத்தினவேலின் அக்கா பூவாத்தாள் ஒரு கட்டளை போட்டாள். "இந்தப் பேர இனி இந்த ஊட்டுல ஆரும் கூப்படக் கூடாது. கூப்ட்டா ரெண்டு பேரும் திரும்புவாளுக," என்றாள். புதுப்பெண்ணின் தாலிக்கயிற்றில் தாலிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பொன் பொட்டையும் கோத்தார்கள். அது மூத்தவளுக்கு. மூத்தவள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க, பின்னால் வந்தவள் அவளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அன்றைக்குப் போனதுதான் அவள் பெயர். ஊருக்கு அவள் சின்னவள். ரத்தினவேலுக்கு அவள் "ஏ புள்ள".

பொட்டு அவளுக்குப் பாரமாக இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் துணையாகக்கூட இருந்தது. மைசூருக்கு வந்த பிறகு கட்டி முடியாத வீடுகளில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். காவலுக்குக் காவலும் ஆச்சு, வாடகையும் மிச்சம். கதவில்லாத அறைகளில், ஈரச் சுவர்களுக்கு நடுவே தனியாகச் சோறு பொங்கும்போது அவள் அந்தப் பொட்டை விரலால் நெருடிக்கொண்டே, "அக்கா, இன்னிக்கு உப்பு கம்மியாப் போச்சு போங்க," என்று பேசுவாள். வீடு முடிந்து, வர்ணம் அடித்து, வாசலில் பெயர்க்கல் பதிக்கிற நாளில் அவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். விஜயநகரில் எத்தனையோ வீடுகளுக்குப் பெயர் வருவதற்கு முந்தைய நாள்வரை அவள்தான் வீட்டுக்காரி.

ஆனால் பெயர் விஷயம் வேறு. அது அவளைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு ரத்தினவேல் சிமெண்ட் தரையில் படுத்தால், உறக்கத்தில் சில நேரம் அவன் உதடு அசையும். "மாதம்மா" என்பான். தெளிவாக, பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுவது போல. அவள் கையில் முறத்தோடு அப்படியே நின்றுவிடுவாள். ஏன் என்று கேட்பதா? அவள் பெயர்தானே? ஆனால் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லையே. அந்தப் பெயரை அவன் போனவளுக்கென்று மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறான், தனக்கு அதில் பங்கு கிடையாது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கண்ணைத் திறந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் அவளை மாதம்மா என்று கூப்பிட வேண்டும்.

இதைப் போய் ஒருத்தி கேட்க முடியுமா? புருஷனிடம் புடவை கேட்கலாம், மூக்குத்தி கேட்கலாம். தன் பெயரைக் கேட்கிறதாவது!

கப்பலின் உள்பக்கம் சாக்கு ஒட்டிக்கொண்டிருந்த நாளில்தான் மனிஷா அந்தக் கதையைச் சொன்னாள். மனிஷாவின் வீட்டில் தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழ் பாதி வழியில் கன்னடத்துக்குத் தாவிவிடும். அவள் கப்பலுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்பக்கம் ஒட்டப்போகும் தாமரையைத் தெர்மாகோலில் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு என்னங் மேடம்?" என்று மாதம்மா கேட்டாள்.

"கல்யாணி. ஆனா அக்கா, இது ஒரு கப்பல் அல்ல, கொத்தா, தெரியுமா? மூணு கப்பல். மூணுத்துக்கும் ஒந்தே பேரு."

மாதம்மாவின் கை பசைச் சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

மனிஷா ஏதோ பழைய புத்தகத்தில் படித்ததைச் சொன்னாள். மங்களூரில் ஒரு வியாபாரி. மைசூர்ச் சந்தனக்கட்டைகள் மாட்டு வண்டியில் மலையிறங்கி அவரிடம் போகும், அவருடைய கப்பலில் ஏறி அரபு தேசம் போகும். கல்யாணி என்று அந்தக் கப்பலுக்குப் பெயர். ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில், துறைமுகம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அது ஆட்களோடும் சந்தனத்தோடும் முழுகிவிட்டது. வியாபாரி இன்னொரு கப்பல் கட்டினார். அதற்கும் கல்யாணி என்றே பெயர் வைத்தார்.

"ஐயோ, முழுகினதோட பேரையா?"

"ஹௌது, ஆமா. எல்லாரும் அதான் கேட்டாங்க. அபசகுனம்னாங்க. அவரு கேக்கல. அப்புறம் அங்க ஒரு வழக்கம் வந்துடுச்சு அக்கா. துறைமுகத்துல ஒரு மேடு. அதுல ஒருத்தர் நிப்பாரு. தூரத்துல பாய் தெரிஞ்சா கப்பல் பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. கப்பல்லேருந்து சங்கு ஊதுவாங்க. வந்துட்டோம்னு அர்த்தம். இந்த ரெண்டாவது கல்யாணி வரப்ப மட்டும் ரெண்டு தடவ கூப்பிடுவாங்களாம்."

"ஏனுங் ரெண்டு தடவ?"

"முதல் கூப்பிடு போனவளுக்கு. அப்போ கப்பல்ல யாரும் ஊதக் கூடாது, சும்மனே நிக்கணும். அவ பதில் சொல்றதுக்கு டைம் குடுக்கறாங்க. ரெண்டாவது கூப்பிடு வந்தவளுக்கு. அப்பதான் ஊதுவாங்க."

தலைக்கு மேலே பாய்மரத்தில் ரத்தினவேல் ஆணி அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. ஆணி தீர்ந்திருக்கும் என்று மாதம்மா நினைத்துக்கொண்டாள்.

"அப்ப மூணாவது கல்யாணிக்கு மூணு தடவைங்களா?"

மனிஷா சிரித்தாள். "கொத்தில்ல அக்கா. அதுக்குள்ள ஸ்டீமர் வந்துடுச்சு. கூப்பிடறவரே இல்லாம போயிட்டாரு." அப்புறம் கையிலிருந்த தாமரையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தபடி, "ஆமா, இத்தன நாளா அக்கா அக்காங்கறேன், உங்க பேரே கேக்கல பாருங்க," என்றாள்.

மாதம்மா வாயைத் திறந்தாள். மேலே ரத்தினவேலின் கால்கள் இரண்டும் பலகை இடுக்கில் தெரிந்தன. "சின்னவளுன்னு சொல்லுவாங்க," என்றாள். சொன்ன உடனே தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் அது கொட்டிய கொட்டில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. ஆண்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மாதம்மா கப்பலுக்குள் சாக்குக் குவியலின் மேல் சும்மா சாய்ந்தாள். பலகைகளிலிருந்து புது மரத்தின் வாசனை வந்தது. எங்கிருந்தோ தண்ணீர் ஓடுகிற சத்தம். கண்ணம்பாடி அணையைத் தவிர பெரிய தண்ணீர் எதையும் அவள் பார்த்ததில்லை. கனவில் வந்ததும் அந்தத் தண்ணீர்தான், அணையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்திருந்தது.

விஜயநகரின் தெருக்களெல்லாம் நிறைந்திருந்தன. அவள் குடியிருந்த வீடுகள் பெயர்க்கல் வரைக்கும் தண்ணீரில் நின்றன, ஒன்றிலும் சனம் இல்லை, எல்லா வீட்டுக்குள்ளும் அவளுடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் மூன்று கப்பல்கள் ரிங் ரோட்டுப் பக்கமிருந்து வந்தன. முதல் கப்பலில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஈரத் தலையை ஆற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாவது கப்பலில் மாதம்மா இருந்தாள். மூன்றாவது வெறுமையாக, யாருக்கோ இடம் வைத்துக்கொண்டு பின்னால் வந்தது. தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்று யாரோ "மாதம்மா" என்று கூப்பிட்டார்கள். முதல் கப்பலில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள். இவளும் வாயெடுத்தாள், ஆனால் மரியாதைக்கு நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க அக்கா," என்றாள்.

"நீயே சொல்லு," என்றாள் அவள், திரும்பாமலே.

"நீங்கதான மூத்தவங்க."

"எனக்குத் தல காயலையே."

அந்தக் குரல் தன் குரல் மாதிரியே இருந்தது மாதம்மாவுக்கு. அவள் முகத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று எட்டினாள். இரண்டு கப்பலுக்கும் நடுவே தண்ணீர் அகன்றுகொண்டே போனது. கூப்பிட்டவர்கள் காத்திருந்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

"ஏ புள்ள! பசை கட்டியாப் போயிருச்சு பாரு!"

ரத்தினவேல் மேலே துவாரத்தில் தலையை நீட்டிக்கொண்டு நின்றான். மழை நின்றிருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டாள், ஈரமாக இருந்தது. கனவுத் தண்ணீரா, அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏனுங்," என்றாள். தூக்கக் கலக்கத்தில் தைரியம் வந்திருந்தது. "நாம கட்டறது எந்தக் கல்யாணிங்க?"

"எதோ ஒண்ணு. பேரு ஒண்ணுதான?"

"பேரு ஒண்ணுன்னா பலகையும் ஒண்ணுங்களா?"

அவன் அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல உதடு பிரிந்தது. அப்புறம் குனிந்துகொண்டான். "சாக்கை ஒட்டு. பசவராஜு வந்தா கத்துவான்," என்றுவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. போனவள் மேல் எரிச்சல் இல்லை. பாவம், அவள் என்ன செய்வாள். இந்த மனுஷன் மேல்தான். அன்று சாயங்காலம் மனிஷா வர்ணமும் தூரிகையுமாக வந்து, கப்பலின் மூக்கில் கன்னட எழுத்தில் கல்யாணி என்று எழுதியபோது மாதம்மா பக்கத்திலேயே நின்றாள். "மேடம், இது ரெண்டாவதாவே இருக்கட்டுங்," என்றாள்.

"ஏன் அக்கா?"

"மொதலாவதுன்னா முழுகிப் போயிருமுங்க. மூணாவதுன்னா கூப்பட ஆளில்லீங்க."

மனிஷா தூரிகையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "ஆகட்டும். ரெண்டாவதே," என்றாள்.

விஜயதசமியன்று காலையிலேயே லாரிகள் அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. முன்னால் ஒரு லாரியில் கரும்பு ஆலை, பின்னால் ஒரு லாரியில் பட்டுப்புழு. நடுவில் கல்யாணி. வெயிலில் அதன் பாய்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஊதுபத்திக் கம்பெனிப் பெண்கள் நாலு பேர் ஜரிகைப் புடவையில் மேல்தட்டில் நின்று, சந்தனக்கட்டை போல வர்ணமடித்த கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, பூசணிக்காயும் உடைத்தாயிற்று.

மாதம்மா கப்பலின் வயிற்றுக்குள் இருந்தாள். அங்கே இருந்து கயிற்றை இழுத்தால் மேலே பாய் உப்பும், விட்டால் தளரும். அது மனிஷாவின் யோசனை. பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டியில் கரித்தணல், அதில் அவ்வப்போது சாம்பிராணியும் சந்தனத்தூளும் தூவ வேண்டும். மணம் துவாரங்கள் வழியாக மேலே போக வேண்டும். அது கம்பெனிக்காரர் யோசனை. அந்த இடுக்குக்குள் இரண்டு வேலையையும் பார்க்கிற அளவுக்குச் சின்ன உடம்பு அவளுக்குத்தான் இருந்தது. ரத்தினவேல் வெளியே, சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, கப்பலோடு நடந்து வரவேண்டியவன்.

பீரங்கி முழங்கியது. ஊர்வலம் எங்கோ முன்னால் அசைந்தது, லாரி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது, மறுபடி நின்றது. மாதம்மா கயிற்றை இழுத்தாள், விட்டாள். பலகை இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழுந்து புகையில் மிதந்தது. மேளச் சத்தம் மூடிய பலகைகளுக்கு அப்பால் அலைபோல வந்து வந்து போனது. கடல் இப்படித்தான் இருக்குமாக்கும் என்று நினைத்தாள். நினைக்க நினைக்க உடம்பு லேசானது. அக்காவும் இங்கேதான் எங்கேயோ தலையை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. புகை கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. சந்தனம் கூடிப்போச்சு என்று நினைத்தாளே தவிர, லாரி குலுங்கியபோது சட்டியிலிருந்து உருண்ட ஒரு தணல் அவள் முதுகுக்குப் பின்னால் சாக்கில் விழுந்து, சாக்கு மெல்லக் கனிந்துகொண்டிருப்பதை அவள் பார்க்கவில்லை.

வெளியே இருந்தவன் பார்த்தான். துவாரம் வழியாக வர வேண்டிய புகை பக்கவாட்டுப் பலகைகளில் கசிந்தது. கறுப்பாக.

"மாதம்மா!"

அவள் அதைக் கேட்டாள். இத்தனை மேளத்துக்கும் நடுவே தெளிவாகக் கேட்டது. கை கயிற்றிலேயே இருந்தது. அந்தப் பெயருக்குத் திரும்பக் கூடாது என்று இத்தனை வருஷமாக உடம்பைப் பழக்கி வைத்திருந்தாளே, அந்த உடம்பு அசையவில்லை. கூப்பிடுகிறான், பாவம், பட்டப்பகலில், இத்தனை சனத்துக்கு நடுவே நின்று போனவளைக் கூப்பிடுகிறான். அவள் தாலிக்கயிற்றைத் தொட்டாள். அக்கா, உங்களத்தான் என்றாள். யாரும் பேசவில்லை.

"மாதம்மா! ஏ மாதம்மா!"

இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. அது உறக்கத்தில் வருகிற குரல் இல்லை. பயந்துபோன ஒரு ஆம்பளையின் குரல். மாதம்மாவுக்கு இருமல் வந்தது. கண் எரிந்தது. அப்போதுதான் முதுகில் சூடு பட்டது. புத்தியுள்ள எவளும் எழுந்து ஓடியிருப்பாள். இவளோ அந்தப் புகைக்குள் உட்கார்ந்தபடி, அத்தனை வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"எந்த மாதம்மாவக் கூப்படறீங்க?"

வெளியே பலகையில் சுத்தியல் விழுந்தது.

"உள்ள இருக்கறவளத்தான்டி! உசுரோட இருக்கறவள! உன்னயத்தான்! வெளிய வா சாமி, வந்துரு!"

அவன் அடித்த ஆணிகளை அவனே பிடுங்கினான். சென்டரிங் பிரித்துப் பழகிய கை. இரண்டு பலகை கண்மூடித் திறப்பதற்குள் கழன்று விழுந்தது. அந்த ஓட்டையில் அவன் முகம் தெரிந்தது, நேராக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. "மாதம்மா," என்றான் மறுபடி, சின்னக் குரலில். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள்.

யானைப்பாகன் ஒருவர் யானைக்கென்று வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி ஓட்டைக்குள் வீசினார். இன்னொரு வாளி. சாக்கு உஸ்ஸென்று அணைந்தது. எரிந்தது ஒரு முழம்கூட இருக்காது. மேல்தட்டுப் பெண்கள் ஒருவர் புடவையும் நனையவில்லை என்று பார்த்துக்கொண்டார்கள். பசவராஜ் ஓடிவந்து, "ஏனப்பா இது, பேக முச்சு, பேக முச்சு!" என்று பலகையைச் சீக்கிரம் மூடச் சொல்லிக் குதித்தார். கரும்பு ஆலை லாரி ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது.

ரத்தினவேல் எதையும் கேட்கவில்லை. அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து அவள் பாதத்தை, கணுக்காலை, புடவைக் கொசுவத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அவள் சுட்டிருக்கிறதா என்று பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் புரிந்தது. பாம்பு எங்கே கடிக்குமோ அங்கே பார்க்கிறான்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்," என்றாள்.

"கூப்ட்டுட்டனே," என்றான். "அவ கடிபட்டுக் கெடக்கறப்ப பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்ட்டேன். அவ வாயெடுத்தா. பதில் வாரதுக்குள்ள போயிட்டா. பாதிப் பதில் அந்தப் பேருலயே நிக்குதுன்னு எங்க அக்கா சொன்னா. மறுபடி அந்தப் பேரக் கூப்ட்டா அவ வந்துருவா, வந்து உன்னயக் கையோட கூட்டிட்டுப் போயிருவான்னு. நா எப்படிக் கூப்படுவேன்? உன்னய விட்டா எனக்கு ஆரு இருக்கறா?"

மாதம்மா கரிப்புகை படிந்த முகத்தோடு அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தனக்கு இல்லாத அன்பு என்று எதை நினைத்து வெந்தாளோ, அது அவளுக்கான பயமாக இருந்திருக்கிறது. சிரிப்பதா, இவனை நாலு சாத்துச் சாத்துவதா என்று தெரியவில்லை. "நா என்னமோ அந்தப் பேர அக்காவுக்குன்னே எடுத்து வெச்சிருக்கீங்கன்னு நெனச்சனுங்க," என்றாள். "தூக்கத்துல கூப்படறீங்களே, அது ஆரையுங்க?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "சில நாள் அவ. சில நாள் நீ. மொகம் தெரியறதில்ல. தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி இருக்கும்."

அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது. முழுக்க உன்னைத்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்தது. மனிஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, நனைந்த பலகையையும் கரிந்த சாக்கையும் பார்த்து, வாயில் கை வைத்தாள். "அக்கா, வேணாம், நீங்க ஏறாதீங்க. பாய் சும்மா நிக்கட்டும்," என்றாள்.

"அதெப்படிங் மேடம், பாய் உப்பாம கப்பல் எப்படிங் போகும்?" என்றாள் மாதம்மா. அப்புறம், கேட்காமலே, "எம் பேரு மாதம்மாங்," என்றாள்.

கரிச்சட்டியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அவள் மறுபடி உள்ளே ஏறினாள். ஒரு பலகையை மட்டும் ரத்தினவேல் திருப்பி அடித்தான். இன்னொன்றை, காற்று வரட்டும் என்று சொல்லி, திறந்தே விட்டுவிட்டான். பசவராஜ் தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணி பக்கவாட்டில் ஒரு ஓட்டையோடு அரண்மனைத் தெருவில் இறங்கியது. பார்த்தவர்கள் நிஜக் கப்பல் என்றால் இப்படித்தான் அடிபட்டிருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

லாரி மெல்லப் போனது. இரண்டு பக்கமும் சனம் கடலாக நின்றது. மாடிகளிலிருந்தும் மரக்கிளைகளிலிருந்தும் கைகள் ஆடின. மாதம்மா கயிற்றை இழுத்தாள், விட்டாள். ஓட்டை வழியாக ரத்தினவேலின் தோளும் காதும் தெரிந்தன, கூடவே நடந்து வந்தன. புகை போன பிறகும் சந்தன மணம் பலகைகளில் தங்கியிருந்தது. பயம் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை என்பது அவன் நடையில் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவன் தலையைத் திருப்பாமல், முன்னால் பார்த்தபடியே, "மாதம்மா," என்றான்.

அவள் வாயெடுத்தாள். ஆனால் அவன் பதிலுக்குக் காத்திருக்கிறவன் போலக் காதைக் கொடுக்கவில்லை. சும்மா நடந்தான், தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கோ நேரம் கொடுக்கிறவன் போல. பாய்மரத்தில் சுத்தியல் சத்தம் நின்றுபோன அந்த மத்தியானம் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு ஆணி தீர்ந்திருக்கவில்லை.

அவள் கயிற்றைப் பிடித்த கையோடு தாலிக்கயிற்றிலிருந்த சின்னப் பொட்டைத் தொட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

லாரி இன்னும் கொஞ்ச தூரம் போனது. அவன் ஓட்டைப் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, மறுபடி கூப்பிட்டான்.

"மாதம்மா."

"ஏனுங்," என்றாள் அவள்.